பெயர் சொல்லாப் பேருதவி: ஸ்ரீ கூரத்தாழ்வான் வைபவம்

எம்பெருமானுடைய திருவிழாவை ஸேவிக்க வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வேலூர், இராணிப்பேட்டை முதலிய ஊர்களிலிருந்து திரளும் அடியார்களில் பலர், தோல் பதனிடும் தொழிலிலும் காலணித் தொழிலிலும் உழைத்து வாழ்பவர்கள். அவர்களுடைய கைவேலை கடல் கடந்து செல்கின்றது. அதை அணிந்து நடப்பவருக்குத் தைத்தவர் பெயர் தெரியாது. ஆயினும் அவருடைய பாதம் கல்லினின்றும் முள்ளினின்றும் காக்கப்படுகின்றது. பெயர் தெரியாமல் பிறருக்கு நன்மை வந்து சேர்வது எத்தகையது என்பதை இவ்வடியார்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அந்த இன்பத்தையே வாழ்நாள் முழுவதும் அநுபவித்தவர் ஸ்ரீ கூரத்தாழ்வான். மேலே மணலாகத் தோன்றினும் அடியில் ஊற்றைக் கொண்டது என்று முன்னோர் போற்றிய பாலாறு, இப்பகுதியைத் தழுவிக் கிழக்கே சென்று காஞ்சி மண்டலத்தை அடைகின்றது. அம்மண்டலத்தில், காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் என்னும் திவ்ய கிராமமே அவர் அவதரித்த ஸ்தலம்.

ஸௌம்ய வருஷம், தை மாதம், ஹஸ்த நக்ஷத்திரம் ஆழ்வானுடைய திருவவதார தினம். அது 1010ஆம் ஆண்டு என்பர். ஸ்ரீவத்ஸாங்க மிச்ரர் என்பது அவருடைய திருநாமம். பெருஞ்செல்வக் குடியில் பிறந்த அவருடைய திருமாளிகையில் பகலெல்லாம் அன்னதானம் இடையறாது நடந்து வந்தது. இரவில் அம்மாளிகையின் கதவு சாத்தப்படும் ஓசை, காஞ்சியில் பேரருளாளன் ஸந்நிதி வரையில் கேட்டது என்று குருபரம்பரை நூல்கள் கூறும். தம்முடைய செல்வத்தின் ஆரவாரம் பெருமாள் திருச்செவி வரையில் சென்றதை அறிந்த ஆழ்வான் மகிழ்ந்தாரில்லை; வெட்கமுற்றார். அத்தனையையும் துறந்து, தேவியாராகிய ஆண்டாளுடன் திருவரங்கம் சென்று உடையவர் திருவடிகளில் வாழலானார். பிறர் அறியச் செய்த தானத்தை விட்டு, எவரும் அறியாமல் செய்யும் கைங்கர்யத்தை நாடிய பயணம் அது எனலாம்.

உடையவர் அவதரித்தது 1017ஆம் ஆண்டு. எனவே, ஆழ்வான் அவருக்கு ஏழாண்டுகள் மூத்தவராகிறார். முறையால் சீடராயினும், நெஞ்சால் உற்ற தோழராகவே விளங்கினார். முதலியாண்டானைத் தம்முடைய த்ரிதண்டம் என்றும், ஆழ்வானைத் தம்முடைய பவித்ரம் என்றும் உடையவர் கருதினார். பவித்ரம் விரலோடு ஒன்றிக் கிடப்பது, கண்ணை ஈர்ப்பதன்று. ஆயினும் அஃதின்றிக் கர்மம் நடைபெறாது.

ப்ரஹ்மஸூத்ரங்களுக்குப் பாஷ்யம் எழுத வேண்டும் என்பது ஆளவந்தாருடைய குறை. அதனைத் தீர்க்க விரும்பிய உடையவர், போதாயன வ்ருத்தி என்னும் பழைய நூலைத் தேடி ஆழ்வானுடன் காஷ்மீரம் சென்றார். நூல் கிடைத்தது. ஆனால் அங்குள்ள பண்டிதர்கள் பொறாமை கொண்டு வழியிலே வந்து அதனைப் பறித்துச் சென்றனர். உடையவர் மனம் கலங்கினார். அப்பொழுதுதான் ஆழ்வான் பணிவுடன் விண்ணப்பம் செய்தார். பகலெல்லாம் நடந்து களைத்து அனைவரும் கண்ணயர்ந்த இரவுகளில், அவர் ஒருவராய் விழித்திருந்து அந்நூலைப் படித்து முழுவதையும் நெஞ்சில் நிறுத்தியிருந்தார். ஸ்ரீபாஷ்யம் என்னும் பெருநூல் உருவாக அந்த இரவுகள் உதவின.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்நூல் பறிபோகாமல் இருந்திருந்தால், ஆழ்வான் உறங்காத இரவுகளை உலகம் அறிந்தே இராது. நூல் கையில் இருந்தவரையில் அவர் வாய் திறக்கவில்லை. உடையவர் துயரம் தீர்வதற்கு வேறு வழியில்லாதபோது மட்டுமே திறந்தார்.

பின்னர் ஒரு பெருஞ்சோதனை வந்தது. சோழ மன்னன் ஒருவன் உடையவரைத் தன் ஸபைக்கு அழைத்து வருமாறு ஆட்களை ஏவினான். சென்றால் உயிருக்கே ஆபத்து நேரும் என்பது தெளிவாயிருந்தது. அவ்வமயம் உடையவர் நீராடச் சென்றிருந்தார். ஆழ்வான் தாமதியாமல் ஆசார்யனுடைய காஷாயத்தை உடுத்து, த்ரிதண்டத்தைக் கையில் ஏந்தி, அவராகவே புறப்பட்டார். முதியவரான பெரிய நம்பியும் உடன் சென்றார். நீராடி மீண்ட உடையவர் நடந்ததை அறிந்து திடுக்கிட்டார். சீடர்கள் வற்புறுத்தவே, வெள்ளை வஸ்திரம் தரித்து மேற்கே புறப்பட வேண்டியதாயிற்று. அரச ஸபையில் ஆழ்வான் மன்னன் விரும்பியபடி கையொப்பமிட மறுத்தார். அதன் பயனாகத் தம் இரு கண்களையும் இழந்தார். பெரிய நம்பியும் கண்ணிழந்து, திரும்பும் வழியிலேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

ஒருவர் தம் பொருளைப் பெயர் சொல்லாமல் கொடுக்கலாம். ஆழ்வானோ தம் பெயரையே விட்டு, தோழருடைய பெயரில் துன்பத்தை ஏற்றார். உடையவர் பன்னிரண்டு ஆண்டுகள் மேல்நாட்டில் எழுந்தருளியிருந்தார். அக்காலத்தில் மேல்கோட்டையில் திருநாராயணப் பெருமாளுடைய ஆராதனம் சீர்பெற்றது. தாம் இழந்த பார்வை தம் ஆசார்யனுடைய திருவுள்ளம் நிறைவேறப் பயன்பட்டது என்பதே ஆழ்வானுக்குப் போதுமானதாயிற்று.

திருவரங்கத்தில் உடையவரைச் சேர்ந்தவர் எவரும் கோயிலுக்குள் புகலாகாது என்று கட்டளை பிறந்தது. கண்ணிழந்த ஆழ்வான் வாயிலில் வந்து நின்றபோது ஒரு காவலன் தடுத்தான். மற்றொருவன், இவர் யாவர்க்கும் நல்லவர் ஆகையால் விடலாம் என்றான். நல்லவன் என்னும் பெயரால் உட்புகுவது உடையவருடைய உறவைக் கைவிடுவதாகும் என்று எண்ணி, ஆழ்வான் அந்த அநுமதியை ஏலாமல் திரும்பினார். பிறகு திருமாலிருஞ்சோலை சென்று அழகர் திருவடிகளில் ஸுந்தரபாஹு ஸ்தவம் ஸமர்ப்பித்தார். செய்த உதவியை மறைத்தவர் உறவை மறைக்கவில்லை. அடக்கம் வேறு, அச்சம் வேறு என்பதை இதனால் அறியலாம்.

உடையவர் திரும்பி வந்தபின், காஞ்சி வரதனைத் துதித்துக் கண் பெறுமாறு ஆழ்வானுக்கு நியமித்தார். ஆழ்வான் வரதராஜ ஸ்தவம் அருளிச்செய்தார். பெருமாள் திருவுள்ளம் உகந்து வரம் தர முன்வந்தபோது அவர் தமக்கென ஒன்றும் வேண்டவில்லை. நாலூரான் என்பவனுக்கும் தாம் பெறும் பேறு கிட்ட வேண்டும் என்று வேண்டினார். இந்த நாலூரானே சோழனுக்கு யோசனை கூறி இத்துன்பம் அனைத்திற்கும் காரணமானவன். அவன் கேளாமலும் அவன் எதிரே நில்லாமலும் அவனுக்கு நன்மை தேடப்பட்டது.

இறுதியில் ஆழ்வான் நம்பெருமாளிடம் தமக்கும் தம்மைச் சேர்ந்தவர்க்கும் மோக்ஷம் வேண்டிப் பெற்றார். அதனைக் கேட்ட உடையவர், ஆழ்வானோடு தமக்குள்ள ஸம்பந்தத்தை எண்ணித் தம் உத்தரீயத்தை மேலே வீசி ஆனந்தித்தார். ஆசார்யனுக்கு முன்பே ஆழ்வான் பரமபதம் எய்தினார். முன் சென்றவர்கள் பின் வருபவரை எதிர்கொள்வது அவ்விடத்து முறை. உடையவரை எதிர்கொள்ளும் தொண்டு தமக்கு வாய்க்க வேண்டும் என்பதே அவருடைய விருப்பம்.

திருவிழாக்களில் அன்னதானம், தண்ணீர்ப்பந்தல், புஷ்ப கைங்கர்யம் முதலியவற்றுக்குப் பொருளுதவி செய்தோர் பெயரை அச்சிடுவது வழக்கம். அது குற்றமன்று, பிறரையும் தூண்டும். எனினும் அப்பட்டியல்களில் பெயர் வெளியிட விரும்பாத அடியார் என்று ஒரு வரி இருப்பதுண்டு. அந்த வரி ஆழ்வான் வழியில் வந்தது. வேலை குறைந்து தொழிற்சாலை மூடிக்கிடக்கும் மாதத்தில், உடன் உழைக்கும் நண்பருடைய மளிகைக் கடன் அவர் அறியாமல் தீர்க்கப்படலாம். அவருடைய குழந்தையின் பள்ளிக் கட்டணம் எவரோ செலுத்தியதாக இருக்கலாம். நண்பர் தலை குனிய வேண்டுவதில்லை. நன்றிக் கடன் சுமக்க வேண்டுவதில்லை. மறுநாள் அவர் முகத்தில் கவலை நீங்கியிருப்பதைக் கண்டு, ஒன்றும் அறியாதவர்போல் அருகில் அமர்ந்து வேலையைத் தொடங்குபவருடைய உள்ளத்தில் ஊறும் நிறைவு, எம்பெருமான் ஒருவனே அறிவது. காஷ்மீரப் பாதையில் விழித்திருந்த இரவுகளில் ஆழ்வான் கண்ட நிறைவும் அதுவே.

கூரத்தாழ்வான் திருவடிகளே சரணம்.