கண்ணைக் குத்திய அரம்

1867-ம் ஆண்டு மார்ச் மாதம். அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் என்று ஒரு நகரம். அங்கே குதிரை வண்டிச் சக்கரங்கள் செய்யும் பெரிய தொழிற்சாலை இருந்தது.

எந்திரத்தை ஓட்டும் புதிய தோல் பட்டை தளர்ந்துவிட்டது. அதை இறுக்க வேண்டும். ஒரு வாலிபர் பட்டையின் தையலைப் பிரிக்க முனைந்தார். அரத்தின் கூரிய முனையை உள்ளே விட்டு நெம்பினார்.

அரம் வழுக்கியது. எகிறி வந்து அவருடைய வலது கண்ணில் பாய்ந்தது!

வலது கண் இருண்டது. சில மணி நேரத்தில், அடிபடாத இடது கண்ணும் பார்வை இழந்தது. அப்போது அவருக்கு வயது 28.

அவர்தான் ஜான் மியூர். பிற்காலத்தில் அமெரிக்கக் காடுகளைக் காக்கப் பாடுபட்டுப் பெரும் புகழ் பெற்றவர்.

ஏழை உழைப்பாளி

மியூர், ஸ்காட்லாந்து நாட்டில் டன்பார் என்ற ஊரில் 1838-ம் ஆண்டு பிறந்தார். 1849-ல் குடும்பம் அமெரிக்காவுக்குக் குடியேறியது. விஸ்கான்சின் மாநிலத்தில் காட்டை வெட்டி வயலாக்கினார்கள்.

தந்தை மிகவும் கண்டிப்பானவர். பகல் முழுவதும் பையனுக்கு வயல் வேலை. படிக்க நேரம் ஏது? அதனால் இரவு 1 மணிக்கே எழுந்து படிப்பார். மரத்தைச் செதுக்கி எந்திரங்கள் செய்வார். குறித்த நேரம் வந்ததும் கட்டிலைச் சாய்த்து, தூங்குகிறவரை எழுந்து நிற்க வைக்கும் ஒரு விந்தைக் கருவியையும் செய்தார்!

இந்தக் கைத்திறமைதான் அவரைச் சக்கரத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தது. அங்கே பல எந்திரங்களைச் சீர்திருத்தி, முதலாளிகளிடம் நல்ல பெயர் வாங்கினார்.

இருட்டறையில் நான்கு வாரம்

விபத்துக்குப் பிறகு, சுமார் நான்கு வாரம் இருட்டறையில் படுத்துக் கிடந்தார். மலைகளையும் மலர்களையும் இனிப் பார்க்கவே முடியாதோ என்று ஏங்கினார். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் வந்து கதை கேட்டார்கள். அதுதான் அவருக்கு ஆறுதல்.

கண் மருத்துவர் ஒருவர் வந்து பார்த்தார். பார்வை ஓரளவு திரும்பும் என்று நம்பிக்கை ஊட்டினார். அப்படியே நடந்தது. மெல்ல மெல்ல இரண்டு கண்ணிலும் ஒளி வந்தது.

நஷ்ட ஈடு உண்டா?

வேலை செய்யும் இடத்தில் கண் போனால் இன்று நஷ்ட ஈடு கேட்கலாம். சட்டம் இருக்கிறது. அன்று அமெரிக்காவில் அப்படிச் சட்டம் இல்லை.

அடிபட்ட தொழிலாளி கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே முதலாளி தப்பிக்க மூன்று வழிகள் இருந்தன. தொழிலாளியே கவனக்குறைவாக இருந்தார் எனலாம். உடன் வேலை செய்தவர் மீது பழி போடலாம். ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தார் என்றும் சொல்லலாம். மூன்றில் ஒன்று நிலைத்தாலும் போதும், வழக்குத் தள்ளுபடி!

மியூரின் கையில் இருந்த அரம்தான் வழுக்கியது. அவர் வழக்குப் போட்டிருந்தாலும் வெல்வது அரிது.

ஆனால் முதலாளிகள் அவரை இழக்க விரும்பவில்லை. உயர்ந்த பதவி தருவதாகச் சொன்னார்கள். பின்னாளில் பங்காளியாகவும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். கை நிறையப் பணம் வரும்.

மியூர் மறுத்துவிட்டார். போய்த் திரும்பிய பார்வையை எந்திரங்களிடம் மறுபடி ஒப்படைக்க அவர் மனம் இணங்கவில்லை.

ஆயிரம் மைல் நடை

1867 செப்டம்பரில் கென்டக்கி மாநிலத்தில் இருந்து நடக்கத் தொடங்கினார். காடும் மலையும் கடந்து, சுமார் ஆயிரம் மைல் நடந்து, புளோரிடா கடற்கரையை அடைந்தார். அங்கே மலேரியா காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது. பிழைத்து எழுந்து, கப்பல் ஏறி, 1868-ல் கலிபோர்னியா போய்ச் சேர்ந்தார்.

அங்கே யோசெமிட்டி என்ற மலைப் பள்ளத்தாக்கைக் கண்டார். ஆடு மேய்த்தார், மரம் அறுத்தார். மற்ற நேரமெல்லாம் மலையில் சுற்றினார்.

அருவியில் ஒரு குருவி

அங்கே ஒரு சிறு பறவை அவர் மனத்தைக் கவர்ந்தது. சாம்பல் நிறக் குருவி. பார்த்தால் அழகு ஒன்றும் இல்லை. ஆனால் அது செய்யும் வேலையைப் பாருங்கள்!

பாறை மேல் உட்கார்ந்து, உடலை மேலும் கீழும் ஆட்டும். திடீரென்று பாய்ந்தோடும் தண்ணீரில் முங்கும். ஆற்றின் அடியில் நடந்து புழுக்களைப் பொறுக்கித் தின்னும். அருவிச் சாரல் படும் இடத்தில் பாசியால் கூடு கட்டும். சாரல் பட்டுப் பட்டுக் கூடு பச்சையாகவே இருக்கும்.

பனிப்புயல் வீசும்போது மற்றப் பறவைகள் ஒடுங்கிவிடும். இது மட்டும் பாடும்! மியூர் கோடையிலும் குளிர்காலத்திலும் ஓடை ஓடையாகச் சென்று அதைக் கவனித்தார். 1878-ல் ஒரு பத்திரிகையில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். பலரும் அதை விரும்பிப் படித்தார்கள்.

1903-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் யோசெமிட்டிக்கு வந்தார். மியூருடன் மூன்று இரவு திறந்த வெளியில் தங்கினார். ரூஸ்வெல்ட் பறவைப் பிரியர். மாலையில் ஒரு பறவை இனிமையாகப் பாடியது. மியூர் அதைக் கவனிக்கவே இல்லை! ரூஸ்வெல்டுக்கு வியப்பு. மியூருக்கு மரமும் மலையுமே பெரிது. பறவைகளில் அந்த அருவிக் குருவிதான் அவருக்குச் செல்லம்.

காவலர்

மியூரின் எழுத்துகள் நாட்டைத் தட்டி எழுப்பின. 1890-ல் யோசெமிட்டி தேசியப் பூங்கா ஆயிற்று. 1892-ல் 'சியரா கிளப்' என்ற சங்கம் தோன்றியது. இறக்கும் வரை மியூரே அதன் தலைவர்.

1911-ல், அவர் வளர்ந்த விஸ்கான்சின் மாநிலத்திலேயே தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவருக்குக் கண்ணில் அடிபட்டு 44 ஆண்டுகள் ஓடியிருந்தன! அவர் அடிபட்ட இண்டியானா மாநிலத்திலோ, 1915-ல்தான் சட்டம் வந்தது. அதைக் காண அவர் இல்லை. 1914 டிசம்பர் 24-ந் தேதி, 76-வது வயதில் காலமானார்.

மியூருக்குப் பார்வை திரும்பியது. மனைவி மக்களும் அப்போது இல்லை, தனி ஆள், கால் போன போக்கில் போக முடிந்தது. பார்வை திரும்பாமல், குடும்பத்தையும் காப்பாற்ற வேண்டிய தொழிலாளிக்குக் காடு சோறு போடுமா? அவனுக்குச் சட்டம்தான் துணை.

மியூருக்குக் கண்ணின் விலையாக யாரும் காசு கொடுக்கவில்லை. திரும்பி வந்த கண்ணால் அவர் கண்டதை, ஊருக்கெல்லாம் பொதுச் சொத்தாக்கிவிட்டுப் போனார். யோசெமிட்டி அருவிகளில் அந்தச் சாம்பல் நிறக் குருவி இன்றும் முங்கி எழுகிறது; பனியிலும் பாடுகிறது.