அளவுகோல் தந்த அறிஞர்

இந்தியா மாநிலங்களின் ஒன்றியம் ஆகும். நாட்டின் பாதுகாப்பு, வெளியுறவு, தொடர்வண்டி முதலியவை நடுவண் அரசின் பொறுப்பில் உள்ளன. காவல், மருத்துவமனை, வேளாண்மை முதலியவை மாநில அரசுகளின் பொறுப்பில் உள்ளன. ஆனால், வருமான வரி, சுங்க வரி போன்ற பெரிய வரிகளை நடுவண் அரசே விதித்து வசூலிக்கிறது. இதனால் பொறுப்பு ஓரிடத்திலும் பணம் வேறிடத்திலும் இருக்கும் நிலை உண்டாகிறது. அப்பணத்தை மாநிலங்களுக்கு எந்த முறையில் பகிர்ந்தளிப்பது? இவ்வினாவுக்குத் தெளிவான விடை ஒன்றை வகுத்தளித்தவர், புனே நகரில் வாழ்ந்த பொருளியல் அறிஞர் தனஞ்சய் ராமச்சந்திர காட்கில்.

பிறப்பும் கல்வியும்

காட்கில் 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் நாசிக்கில் பிறந்தார். நாகபுரியில் பள்ளிக் கல்வியை முடித்து, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்றார். இந்தியத் தொழில் வளர்ச்சியைக் குறித்து அங்கு அவர் எழுதிய ஆய்வு 1924இல் நூலாக வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 23. தாயகம் திரும்பியபின் சூரத் நகரில் கல்லூரி முதல்வராகப் பணியாற்றினார்.

வீடுதோறும் ஆய்வு

1930ஆம் ஆண்டு புனேயில் கோகலே அரசியல், பொருளியல் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்ற காட்கில், 1966 வரை அப்பணியில் நிலைத்திருந்தார். நூல்களை மட்டும் படித்து நாட்டின் நிலையை அறிய இயலாது என்பது அவரது கொள்கை. எனவே, புனே சந்தைக்கு வரும் பழங்களின் விற்பனை, மோட்டார்ப் பேருந்துப் போக்குவரத்து, நகர மக்களின் வாழ்க்கை ஆகியவற்றை நேரில் ஆராயச் செய்தார். ஆய்வாளர்கள் புனேயின் வீடுகளுக்குச் சென்று குடும்பத்தின் தொழிலையும் வருமானத்தையும் கேட்டறிந்தனர். இவ்வாய்வு 1945, 1952 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிடப்பட்டது. முதலில் அளந்தறிய வேண்டும், பின்னரே முடிவெடுக்க வேண்டும் என்னும் பழக்கம் அவரிடம் இவ்வாறு வேரூன்றியது.

உழவர்க்குத் துணை

அகமதுநகர் மாவட்டத்து உழவர்கள் கரும்பு விளைவித்தும் உரிய பயன் பெறாதிருந்தனர். விட்டல்ராவ் விகே பாட்டீல் அவர்களை ஒன்றுதிரட்டிக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைக்க முனைந்தபோது, காட்கில் அவருக்குத் துணைநின்றார். பிரவராநகரில் எழுந்த அவ்வாலையின் முதல் தலைவராகவும் விளங்கினார். விளைவிப்பவர்களே ஆலைக்கு உரிமையாளர்களாக இருக்க முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. மகாராஷ்டிரத்தில் பின்னர்த் தோன்றிய கூட்டுறவு ஆலைகள் பலவற்றுக்கு அது முன்மாதிரி ஆயிற்று.

திட்டக்குழுவில்

1967ஆம் ஆண்டு இந்திய அரசியலில் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. அதுவரை நடுவண் அரசையும் பெரும்பாலான மாநில அரசுகளையும் ஒரே கட்சி ஆண்டுவந்தது. அவ்வாண்டுத் தேர்தலுக்குப் பின் பல மாநிலங்களில் வேறு கட்சிகள் ஆட்சி அமைத்தன. சென்னை மாநிலத்தில் அறிஞர் அண்ணா முதலமைச்சரானார். ஒரே கட்சிக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் முறை இனிப் பயன்படாது என்ற நிலை உருவாயிற்று. அவ்வாண்டிலேயே காட்கில் திட்டக்குழுவின் துணைத்தலைவராகப் பொறுப்பேற்றார்.

முதல் மூன்று ஐந்தாண்டுத் திட்டங்களில் மாநிலங்களுக்கான உதவி, திட்டம் திட்டமாகப் பேசி முடிவு செய்யப்பட்டது. எம்மாநிலத்திற்கு எவ்வளவு என்பதற்குப் பொது விதி இல்லை. தம் மக்களுக்கு எது தேவை என்பதை விடுத்து, எதற்குப் பணம் கிடைக்கும் என்று மாநிலங்கள் எண்ண வேண்டியிருந்தது.

காட்கில் சூத்திரம்

இந்நிலையை மாற்ற, யாவரும் முன்கூட்டியே அறியத்தக்க அளவுகோல் ஒன்றைக் காட்கில் வகுத்தார். மாநில முதலமைச்சர்களும் இடம்பெற்ற தேசிய வளர்ச்சிக் குழு அதனை ஏற்றது. நான்காம் ஐந்தாண்டுத் திட்டத்தில் (1969–74) அது நடைமுறைக்கு வந்தது. அசாம், நாகாலாந்து, ஜம்மு காஷ்மீர் ஆகியவற்றின் தேவைக்கு முதலில் தொகை ஒதுக்கப்பட்டது. எஞ்சிய தொகை 100 ரூபாய் எனக் கொண்டால், பிற மாநிலங்களுக்கு அது பின்வருமாறு பிரிக்கப்பட்டது:

மக்கள்தொகைக்கு – 60 ரூபாய்
தனிநபர் வருமானம் நாட்டின் சராசரியைவிடக் குறைந்த மாநிலங்களுக்கு – 10 ரூபாய்
வரி திரட்டும் முயற்சிக்கு – 10 ரூபாய்
நடைபெற்றுவரும் பெரிய பாசன, மின் திட்டங்களுக்கு – 10 ரூபாய்
மாநிலங்களின் தனிச் சிக்கல்களுக்கு – 10 ரூபாய்

இவ்வுதவியில் 30 விழுக்காடு மானியம். 70 விழுக்காடு கடன். இத்தொகை தனித்தனித் திட்டங்களுடன் பிணைக்கப்படவில்லை. வருமானம் குறைந்த மாநிலங்களுக்கான பங்கில் காட்கிலின் சொந்த மாநிலமான மகாராஷ்டிரத்திற்கு இடமில்லை. அதன் தனிநபர் வருமானம் சராசரியைவிட மிகுதியாக இருந்ததே காரணம்.

இச்சூத்திரம் குறையற்றதன்று. ஏழை மாநிலங்களுக்கு 10 விழுக்காடு போதாது என்ற குறை எழுந்தது. ஆதலால் 1980இல் அப்பங்கு 20 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. பாசன, மின் திட்டங்களுக்கான பங்கு நீக்கப்பட்டது. விதி வெளிப்படையாக இருந்தமையால்தான் அதன் குறையைச் சுட்டவும் திருத்தவும் முடிந்தது.

நிறைவு

காட்கில் 1971ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், தில்லிப் பணியை முடித்துப் புனே திரும்பும் வழியில் இயற்கை எய்தினார். நடுவண்–மாநில உறவுகளை ஆராயத் தமிழ்நாடு அரசு 1969இல் அமைத்த இராஜமன்னார் குழு, அவர் மறைந்த அதே ஆண்டில் தன் அறிக்கையை அளித்தது. திட்டக்குழு இன்று இல்லை. 2015இல் நிதி ஆயோக் அதன் இடத்தில் தோன்றியது. எனினும் நிதிக்குழு கூடும்போதெல்லாம், மக்கள்தொகைக்கு எவ்வளவு மதிப்பு, வறுமைக்கு எவ்வளவு மதிப்பு என்று மாநிலங்கள் வாதிடுகின்றன. கேட்பவரின் செல்வாக்கை நோக்காது, பொது அளவுகோலால் பங்கிட வேண்டும் என்ற காட்கிலின் நெறி அவ்வாதங்களுக்கு இன்றும் அடிப்படையாக உள்ளது.

அருஞ்சொற்பொருள்

நடுவண் அரசு – நாடு முழுமைக்குமான அரசு
மானியம் – திருப்பித் தர வேண்டாத உதவித்தொகை
விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் கணக்கு
மெய்ப்பித்தது – உண்மை என நிலைநாட்டியது

பயிற்சி

1. பொறுப்பு ஓரிடத்திலும் பணம் வேறிடத்திலும் இருப்பது எவ்வாறு?
2. 1967ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் பொது விதி தேவைப்பட்டது ஏன்?
3. பிரித்து எழுதுக: அவ்வாலை, இந்நிலை, வீடுதோறும்.
4. செயல்பாடு: உங்கள் பள்ளிக்கு 100 நூல்கள் வந்துள்ளன. மூன்று வகுப்புகளுக்கு அவற்றைப் பங்கிட விதி ஒன்றை எழுதுக. உங்கள் வகுப்புக்குக் குறைவாகக் கிடைத்தாலும் அவ்விதியை ஏற்பீர்களா? காரணம் கூறுக.