தொழிலாளரின் வைத்தியர் ராமட்சீனி

எம்மூராகிய காரைக்காலின் கடைத்தெருவிற் செல்வோர், காலைமுதல் விளக்கேற்றும் வரை தலைநிமிராது துணி தைக்கும் தையற்காரரைக் காணாதிரார். மாலையில் எழும்போது முதுகைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்த பின்னரே அவர் நிமிர்வர். இதனை அவர்தம் தலைவிதியென்று கருதிக் கடந்துபோகின்றோம். விதியன்று, அமரும் வகையால் விளைந்த நோயே என்று எடுத்துக்காட்டிய பெரியார் ஒருவர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தார்.

பெர்னார்தினோ ராமட்சீனி 1633-ஆம் ஆண்டு இத்தாலி தேசத்தில், மோதெனா நகரையடுத்த கார்ப்பி என்னும் ஊரிற் பிறந்தார். பார்மாவில் வைத்தியம் பயின்று, 1659-இற் பட்டம் பெற்று, பின்னர் மோதெனாவிற் பேராசிரியராக அமர்ந்தார். அங்கு அவரது இல்லத்து மலக்குழியைத் துப்புரவு செய்த தொழிலாளி ஒருவர் மூச்சுவிடாது விரைதலைக் கண்டு காரணம் வினவினார். நெடுநேரம் உள்ளே நிற்பின் கண்பார்வை கெடும் என்று விடை வந்தது. அவ்விடை அவருள்ளத்தைத் தைத்தது. கனவான்களின் மாளிகைகளையே நாடிய வைத்தியர் பலர் வாழ்ந்த காலத்தில், இவர் தொழிற்கூடங்களுள் நுழைந்து, கண்டவற்றையெல்லாம் குறித்துக்கொண்டார். கிரேக்க வைத்தியராகிய ஹிப்போக்கிரட்டீஸ் நோயாளியிடம் கேட்குமாறு வகுத்த வினாக்களோடு, செய்யும் தொழில் யாது என்னும் வினாவையும் சேர்த்தல் வேண்டுமென வற்புறுத்தினார்.

இங்ஙனம் திரட்டியவற்றை 1700-இல் இலத்தீன் மொழியில் நூலாக வெளியிட்டார். தொழில்நோய்க்குக் காரணம் இரண்டென்பது அவர் துணிபு: கையாளும் பொருளின் தீங்கு ஒன்று, உடலை இயல்புக்கு மாறாக வளைத்தும் அசைத்தும் வருத்துதல் மற்றொன்று. பத்திரம் எழுதுவார் ஒருவரின் வரலாற்றை அதிற் காணலாம். எம்மூரார் பிரெஞ்சு ஆட்சியில் நொத்தேர் என்றழைத்தாரே, அத்தகையவர். ஓயாது எழுதியதால் அவர் வலக்கை செயலற்றது, இடக்கையாற் பழகி எழுதினார், அதுவும் நோயுற்றது. தையற்காரர் கூனியும் நொண்டியும் திருநாள் ஊர்வலத்திற் செல்லுதல் நகைப்பூட்டுவதென்று ராமட்சீனி எழுதியது எமக்கு உவப்பன்று. ஆயினும் நகைத்ததோடு நில்லாமல், விடுமுறை நாளிலாவது அவர்கள் நடந்தும் தேகப்பயிற்சி செய்தும் உடலைத் தளர்த்துக என்று வழியும் சொன்னார். நின்றே உழைப்போர் இடையிடையே அமர்க என்றார். கற்றோருக்கும் ஓர் அத்தியாயம் வைத்தார். பரீட்சைக் காலத்தில் இலக்கண நூலின்மேற் கவிழ்ந்துகிடக்கும் நம் விடுதி நண்பர்களை அவர் நன்கறிந்திருந்தார்போலும்!

1700-இலேயே பதுவா சர்வகலாசாலை அவரை அழைத்துக்கொண்டது. முதுமையிற் கண்ணொளி மங்கியது. பிறர் படித்துக்காட்டக் கேட்டும், தம் நூலை விரித்து, புதிய தொழில்கள் பலவற்றைச் சேர்த்து 1713-இல் மீண்டும் வெளியிட்டார். அடுத்த ஆண்டு நவம்பரில், எண்பதைக் கடந்தும் ஆசிரியப் பணியை விடாதவராய், பதுவாவிலேயே உயிர்நீத்தார்.