கே-லுஸாக்

கடும் வெயிலில் நெடுநேரம் நின்ற மிதிவண்டியின் சக்கரம் சில வேளைகளில் வெடித்துவிடுதலை நாம் கண்டுள்ளோம். உள்ளே அடைபட்ட காற்று, விரிதற்கு இடம் பெறாமையால், வெப்பம் ஏறுந்தோறும் அழுத்தம் மிகப்பெறுதலே அதற்குக் காரணமாம். வெப்பம் காற்றினிடத்து விளைக்கும் மாறுதலைச் செவ்வையாக அளந்து விதியாக வகுத்தவர் ஜோசப் லூயி கே-லுஸாக் என்னும் பிரெஞ்சு அறிஞராவர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1778-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 6-ஆம் நாள், பிரான்சு நாட்டிலுள்ள சேன் லெயோனார் என்னும் சிற்றூரிற் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சியின்போது இவர்தம் தந்தையார் சிறைப்பட்டார். எனினும் மைந்தர் கல்வியிற் சோர்ந்தாரல்லர். பாரிஸ் மாநகரின் பொலிடெக்னிக் கலாசாலையிற் பயின்று, பெர்த்தொலே என்னும் பேரறிஞருக்கு உதவியாளராயினார்.

அடைபட்ட காற்றின் அழுத்தம் சூட்டினால் உயர்தலை, ஏறக்குறைய நூறாண்டுகட்கு முன்னரே அமொந்தோன் என்பார் கண்டிருந்தார். ஆயினும், காற்று எவ்வளவு விரியும் என்பதில் அறிஞர்தம் அளவுகள் ஒன்றோடொன்று முரணின. கே-லுஸாக் அம்முரணின் வேரைக் கண்டார். கலத்தில் எஞ்சிய சிறிதளவு நீர் ஆவியாகிக் காற்றோடு கலந்து கணக்கைக் கெடுத்தது. ஆதலின் அவர் கலத்தையும் வாயுவையும் நன்கு உலர்த்திய பின்னரே அளந்தார். அழுத்தம் மாறாதிருப்பின், 0 பாகையில் 100 பங்காயிருந்த காற்று 100 பாகையில் 137½ பங்காகுமென்றும், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் முதலியனவும் அவ்வளவே விரியுமென்றும் 1802-இல் வெளியிட்டார். விரியவொட்டாது அடைத்துவைப்பின், அழுத்தமே அவ்விகிதத்தில் உயரும். பாகைதோறும் அவ்வுயர்வு, 0 பாகையில் இருந்த அழுத்தத்தில் ஏறத்தாழ 273-இல் ஒரு பங்கென்பது இன்றைய கணக்கு.

இவ்வுண்மையின் ஒரு பகுதியைச் சார்ல்ஸ் என்பார் பதினைந்தாண்டுகட்கு முன்னரே ஆராய்ந்தும் அச்சிட்டாரல்லர். கே-லுஸாக் வாளாவிருந்திருப்பின், பெருமை முழுவதும் அவரையே சேர்ந்திருக்கும். அவரோ தம் கட்டுரையிலேயே சார்ல்ஸின் முயற்சியை எடுத்துரைத்தார். அதனாலன்றோ காற்றின் விரிவு பற்றிய விதி இன்றும் சார்ல்ஸ் விதியென வழங்குகின்றது!

1804-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள், அவர் தன்னந்தனியே பலூனில் ஏறி, ஏறக்குறைய 7,000 மீட்டர் உயரம் சென்றார். ஆங்கே வெப்பம் உறைநிலைக்குக் கீழ் 9½ பாகையாயிற்று. மேலுள்ள காற்றின் பாரம் குறைந்தமையால், அழுத்தம் தரையிலிருந்ததிற் பாதிக்கும் தாழ்ந்தது. மூச்சு இடர்ப்பட்ட அந்நிலையிலும் அவர் கருவிகளை நோக்கி அளவுகளைக் குறித்தார். காற்றையும் கலத்தில் அடைத்துக் கொணர்ந்தார். அது தரைக் காற்றின் சேர்க்கையையே உடையதென ஆராய்ந்தறிந்தார்.

பின்னர்ப் பேராசிரியராய் விளங்கிய அப்பெரியார், 1850-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள் பாரிஸிற் காலமானார். கலத்தினின்று நீர்த்துளியை நீக்கியதும், கட்டுரையினின்று பிறர் பெயரை நீக்காமையும் ஒரே நேர்மையின் இரு கூறுகளாம். கல்வி பயிலும் நாம் அவரிடத்துக் கற்கத்தக்கது அந்நேர்மையே.