காத்திருப்பில் கண்ட வழி

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1930ஆம் ஆண்டு நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் பிறந்தார். 1957இல் தமது திருமணப் பதிவின்போது, தம் தொழில் கணினி நிரல் எழுதுவது என்று குறிப்பிட்டார். அப்படி ஒரு தொழிலே இல்லை என்று அதிகாரிகள் ஏற்க மறுத்தனர். ஆயினும் அவர் அத்தொழிலைக் கைவிடவில்லை.

கணினியில் பல பணிகள் ஒரே வேளையில் நடைபெறும். ஒரே வங்கிக் கணக்கை இரண்டு பணிகள் ஒருங்கே மாற்றினால், இருப்புத்தொகை பிழையாகிவிடலாம். எல்லாப் பணிகளையும் வரிசையில் நிறுத்தினாலோ வேகம் குறையும். இச்சிக்கலைத் தீர்க்க, இரயில்பாதைக் கைகாட்டியை நினைவூட்டும் ‘செமஃபோர்’ என்னும் முறையை டைக்ஸ்ட்ரா வகுத்தார். பொதுவான தரவை ஒரு பணி மாற்றும்போது, அதே தரவு தேவைப்படும் பணி மட்டும் காத்திருக்கும். மற்றவை தடையின்றித் தொடரும்.

1972இல் டைக்ஸ்ட்ரா கணினித் துறையின் உயரிய டூரிங் விருதைப் பெற்றார். 2002இல் அவர் மறைந்தார். அவர் வகுத்த முறை இன்றும் கணினிகளில் பயன்படுகிறது.