பண்டரிக்குப் புறப்பட்ட கூர்மதாசர்

வார்கரி நெறியில் நடப்பதே சாதனை. ஆஷாட, கார்த்திக மாதங்களின் சுக்ல ஏகாதசிகளுக்குப் பண்டரிபுரம் நோக்கிப் பாதயாத்திரை செல்வதை அந்நெறியினர் வாழ்நாள் விரதமாகக் கொண்டுள்ளனர். அத்தகைய நெறியில், பிறவியிலேயே கைகளும் கால்களும் இல்லாத ஒருவர் மகானாகப் போற்றப்படுகிறார். அவரே கூர்மதாசர்.

கோதாவரிக் கரையிலுள்ள பைடண் அவரது ஊர். பிரதிஷ்டானம் என்ற பெயருடன் சாதவாகனர்களின் தலைநகராக விளங்கிய தொன்மையான தலம் அது. பிற்காலத்தில் ஏகநாதர் வாழ்ந்ததும் அங்கேதான். நிஜாம்களின் ஆட்சிக்குட்பட்டிருந்த அவ்வூர், 1956 வரை ஹைதராபாத் மாநிலத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. கூர்மதாசரோ, 1591-இல் ஹைதராபாத் நகரம் உருவாவதற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முன், ஞானதேவரும் நாமதேவரும் வாழ்ந்த காலத்தவர் என்பது மரபு. அவரது வரலாற்றை மகீபதி 1762-இல் இயற்றிய 'பக்த விஜயம்' நமக்கு அளிக்கிறது.

கைகள் இல்லாதவருக்கு ஒரு கவளம் உணவும் ஒரு மிடறு நீரும் பிறர் அளித்தாலன்றி இல்லை. நீராடுவதற்கும் உடுத்துவதற்கும் வேறொருவர் வேண்டும். இன்றுள்ளவை போன்ற செயற்கை உறுப்புகளோ சக்கர நாற்காலியோ இல்லாத காலம் அது. உடற்குறையை முன்வினையின் பயன் என்று கூறி விலகிச் செல்வதும் உலகத்தாருக்கு எளிதாக இருந்தது. அத்தகைய சூழலில், மனம் கசந்து ஒரு மூலையில் கிடப்பதே அவருக்கு எஞ்சிய வாழ்வு என்று பலரும் எண்ணியிருக்கக்கூடும்.

ஆனால், ஒருநாள் ஹரிகீர்த்தனத்தில் பண்டரிபுரத்தின் பெருமையைக் கேட்ட கூர்மதாசர், பாண்டுரங்கனைத் தரிசிக்கப் புறப்பட்டார். பைடணிலிருந்து பண்டரிபுரம் 200 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு. தம்மிடம் இல்லாதவற்றை அவர் எண்ணவில்லை. வயிறும் மார்பும் தரையில் உராய, ஊர்ந்தும் உருண்டும் சென்றார். கல்லும் முள்ளும் உடலைக் கிழித்தன. பயணம் நான்கு மாதங்கள் நீடித்தது. நாளொன்றுக்குச் சராசரியாக இரண்டு கிலோமீட்டர்கூட அவரால் கடக்க முடியவில்லை.

வழியில் அவருக்கு உணவளித்தவர் யார்? பாண்டுரங்கனே வணிகர் வடிவில் நாள்தோறும் வந்து ஊட்டினார் என்கிறது வரலாறு. ஊட்டும் கரம் எதுவாயினும் அதை இறைவனின் கரமாகக் காண்பவனுக்குப் பிறர் உதவியை ஏற்பது இழிவாகாது. பெறுவதிலும் ஒரு தவம் உண்டு என்பதைக் கூர்மதாசரின் வாழ்க்கை உணர்த்துகிறது.

லஹூள் என்னும் ஊரை அடைந்தபோது ஏகாதசி நெருங்கிவிட்டது. பண்டரிபுரம் நடப்பவர்களுக்கு ஓரிரு நாள் வழி. அவருக்கோ எட்டாத தொலைவு. தம்மால் இயலாது என்பதை அவர் தெளிவாக உணர்ந்தார். அதை மறைக்கவும் இல்லை, அதற்காக மனம் உடையவும் இல்லை. வழிச்சென்ற யாத்திரிகர்களிடம் பாண்டுரங்கனுக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தனுப்பினார்: தம்மால் வர இயலவில்லை, இறைவனே வந்தருள வேண்டும்.

விண்ணப்பத்தை ஏற்ற பாண்டுரங்கன், ஞானதேவரும் நாமதேவரும் உடன்வரப் புறப்பட்டான். வழியில் அரண் என்னும் ஊரில், தோட்ட வேலையையே வழிபாடாகக் கொண்ட சாவதாமாலிக்கு அருள்புரிந்துவிட்டு, லஹூளில் கூர்மதாசருக்குக் காட்சி தந்தான்; அவரது வேண்டுதலுக்கிணங்கி அங்கேயே நிலைபெற்றான் என்பது பக்தர்களின் நம்பிக்கை. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்திலுள்ள அவ்வூரில் கூர்மதாசரின் நினைவு இன்றும் போற்றப்படுகிறது.

கூர்மம் என்பது ஆமை. அங்கங்களை உள்ளிழுத்துக்கொள்ளும் ஆமையை, புலன்களை அடக்கிய நிலைபெற்ற அறிஞனுக்கு உவமையாகக் கூறுகிறது கீதை. கூர்மதாசருக்கு அடக்க அங்கங்கள் இல்லை. ஆயினும் அவரது மனம் ஒரே இலக்கில் ஒடுங்கி நின்றது. பயணத்தை அவரால் முடிக்க இயலவில்லை. இயன்ற எல்லைவரை முழுமனத்துடன் சென்று, அதற்கப்பால் கூச்சமின்றிக் கேட்டார். முயற்சி முடிந்த அந்த இடத்திலேயே அவருக்கு அருள் கிட்டியது. உடல் தளர்ந்தோருக்கும், அவர்களுக்கு உணவூட்டும் கரங்களுக்கும் லஹூள் என்றும் ஓர் ஆறுதல்.