குன்றின் பின்னே எழுந்த வெடியோசை

மலைநாட்டுத் தோட்டங்களில் லயத்துக்கு லயம் ஒரு கம்பி ஓடிய காலத்தை என் வயதொத்தவர் மறந்திரார். தகரக் கூரையின் முகட்டிலிருந்து, எட்ட நட்ட மூங்கிற் கழிக்கோ கொய்யா மரத்துக்கோ இழுத்துக் கட்டிய செப்புக் கம்பி அது. ஏரியல் என்பது அதற்கு வழங்கிய பெயர். கம்பி தளர்ந்தால் கொழும்பின் பாட்டும் தளரும். கம்பி அறுந்தால் அன்று மாலை அந்த லயமே வாய் மூடும். அட்டன் முதல் நுவரெலியா வரை இதுவே வழக்கம். வானொலிப் பெட்டியை வியந்தார் பலர். வெளியே மழையில் நனைந்து கிடந்த கம்பியை வியந்தார் எவருமிலர். அக்கம்பியின் வரலாறு ஒரு மனிதரின் வரலாறு. அவர் குலியெல்மோ மார்க்கோனி.

வானொலியைக் கண்டுபிடித்தவர் மார்க்கோனி என்று எம் பாடநூல்கள் ஒரே வரியில் முடித்துவிடும். அது பாதி உண்மை. மின்காந்த அலைகளை ஆய்வுகூடத்தில் மெய்ப்பித்தவர் ஜெர்மானியராகிய ஹெர்ட்ஸ். அவ்வலைகளை உணரும் இரும்புத்தூள் குழாயைப் பிரான்சு நாட்டுப் பிரான்லி 1890இல் அமைத்தார். இங்கிலாந்தின் லாட்ஜ் அதனைச் செப்பஞ் செய்தார். கல்கத்தாவில் ஜகதீச சந்திர போசு சுவர்களை ஊடுருவிச் சென்ற அலையினால் மணியடித்துக் காட்டினார். 1895இல் உருசியாவின் பொப்போவ், இடியைக் கண்டறியும் பொருட்டுத் தம் கருவியை வெளியே நின்ற கம்பியோடு இணைத்திருந்தார். இத்துணைப் பேர் உழுத வயலில் மார்க்கோனிக்கு உரியது யாது? கம்பியின் ஒரு முனையை வானத்துக்கு உயர்த்தி, மறுமுனையை மண்ணிற் புதைத்து, செய்தியை அனுப்பும் இடத்திலும் வாங்கும் இடத்திலும் அவ்வாறே செய்து, தூரத்தை வென்றமையே அவருக்குரியது என்பது என் துணிபு. எஞ்சியவையெல்லாம் பிறர் தந்த பொருள்களை அவர் விடாப்பிடியாகக் கையாண்ட திறமே.

அவர் 1874 ஏப்ரல் 25இல் இத்தாலியின் பொலோனா நகரிற் பிறந்தார். தந்தை ஜுசெப்பே நிலக்கிழார். தாய் ஆனி ஜேம்சன், அயர்லாந்தின் புகழ்பெற்ற மதுவடிப்போர் குடும்பத்துப் பெண். மகன் பல்கலைக்கழகப் பட்டம் எதனையும் பெற்றாரில்லர். 1894இல் ஹெர்ட்ஸ் இறந்தபின், கோடை விடுமுறையில் அவரைப் பற்றிய கட்டுரையொன்றைப் படித்ததே இவரைத் திசைதிருப்பிற்று. பொன்தேக்கியோ என்னும் ஊரிலிருந்த தம் வீட்டின் மேன்மாடத்தில் கருவிகளைப் பரப்பினார். தந்தை முணுமுணுத்தார், தாய் காவல் நின்றார். அறையின் இக்கோடியில் விசையை அழுத்த அக்கோடியில் மணி ஒலித்தது. ஆயினும் அது பிறரும் செய்த வித்தையே.

1895இல் அவர் கருவியை வீட்டுக்கு வெளியே கொண்டுசென்றார். அங்கேதான் உண்மையான வரலாறு தொடங்குகிறது. ஓர் உலோகத் தகட்டை உயரத் தூக்கி, மற்றொன்றை நிலத்தில் வைத்தபோது, அலை சென்ற தூரம் திடீரெனப் பெருகக் கண்டார். உயர்த்த உயர்த்தத் தூரம் வளர்ந்தது. இறுதியிற் குறுக்கே நின்றது ஒரு குன்று. வாங்கும் கருவியைக் குன்றின் மறுபுறத்துக்கு அனுப்பி, குறி கேட்டால் துப்பாக்கியால் வெடி தீர்க்குமாறு ஏற்பாடாயிற்று. விசையை அழுத்தினார், குன்றின் பின்னே வெடியோசை எழுந்தது. தூரம் ஏறத்தாழ 2 கிலோமீற்றர். எம்மைப்போல் மலையிடையே வாழ்வார்க்கு அவ்வெடியின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. அடுத்த பள்ளத்தாக்கில் நிகழும் இழவுச் செய்தி ஆள் நடந்து வந்து சொல்லும்வரை தெரியாதிருந்த நாட்டினர் யாம்.

1896இல் தாயோடு இங்கிலாந்து சென்றார். அஞ்சல் துறையின் தலைமைப் பொறியியலாளர் பிரீஸ் என்பார் ஆதரவளித்தார். அவ்வாண்டே காப்புரிமை கோரப்பட்டது. 1897இல் பிரிஸ்டல் கால்வாயைக் குறி கடந்தது. அதே ஆண்டிற் கம்பெனியும் பிறந்தது. 1899இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே செய்தி பறந்தது. வேண்டிய அலையை மட்டும் பிரித்தெடுக்கும் இசைவிப்பு முறைக்கு 1900இற் பெற்ற 7777ஆம் இலக்கக் காப்புரிமை பின்னாளில் நீதிமன்றங்களிற் பெரும் பூசலுக்குக் காரணமாயிற்று.

இனி அத்திலாந்திக் சமுத்திரம். ஒளியைப் போல நேரே செல்லும் அலை உருண்ட பூமியைச் சுற்றி வராது என்பது கற்றோர் பலரின் கருத்து. மார்க்கோனி அதனைச் செவிமடுத்தாரில்லர். கோர்ன்வாலில் பொல்டு என்னுமிடத்தில் 200 அடி உயரக் கம்பங்கள் 20 வட்டமாக நின்றன. 1901 செப்தெம்பரிற் புயல் அவற்றைச் சாய்த்தது. அமெரிக்கக் கரையில் அமைத்த கம்பங்களும் சில வாரங்களில் வீழ்ந்தன. வேறொருவராயின் ஈராண்டு பொறுத்திருப்பர். இவரோ பொல்டுவில் எளிய கம்பி அமைப்பொன்றை எழுப்புவித்து, கெம்ப், பாகெற் என்னும் இரு துணைவரோடும், பலூன்களோடும், காற்றாடிகளோடும் நியூபவுண்ட்லாந்துக்குக் கப்பலேறினார்.

அங்கே சென்ற் ஜோன்ஸ் நகரின் சிக்னல் குன்றில் மார்கழிக் கடுங்காற்று வீசிற்று. பலூன் அறுந்து போயிற்று. 12ஆம் நாள் முதற் காற்றாடியும் போயிற்று. இரண்டாவது காற்றாடி 500 அடிக் கம்பியைத் தூக்கிக்கொண்டு தத்தளித்தது. அது ஏறியிறங்குந்தோறும் கம்பியின் மின்னியல்பு மாறியமையால், நுட்பமாக இசைவித்த கருவி பயன்படவில்லை. பழைய எளிய கருவியையும் காதில் வைக்கும் தொலைபேசிக் குழலையுமே நம்பவேண்டியதாயிற்று. நண்பகல் கடந்து அரை மணியளவில், 3,400 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து மூன்று புள்ளிகள், எஸ் என்னும் எழுத்தின் குறி, கேட்டதாக அவர் உணர்ந்தார். குழலைக் கெம்பிடம் நீட்டினார். அவரும் கேட்டதாகச் சொன்னார். மகேந்திர மலையில் நின்று கடல் தாவிய அனுமனை எண்ணாமல் இந்நிகழ்ச்சியை வகுப்பிற் சொல்ல எனக்கு இயலுவதில்லை.

கேட்டது குறியா, வானத்து இரைச்சலா என ஐயுறுவோர் இன்றும் உளர். பகல் வேளையில் அத்துணைத் தூரம் அந்த அலை செல்வது அரிது என்பர். ஐயம் தீர்க்க, 1902இல் பிலடெல்பியா என்னும் கப்பலில் பயணித்து, குறிகளைக் காகித நாடாவிற் பதிவித்தார். இரவில் 2,000 மைலுக்கு மேலும், பகலில் 700 மைலளவும் அவை எட்டின. இரவும் பகலும் இவ்வாறு வேறுபட்டது ஏன்? மேல்வானத்தில் மின்னேறிய படலம் உண்டென அவ்வாண்டே கென்னலியும் ஹெவிசைடும் கருதினர்; 1924இல் அப்பிள்ற்றன் அதனை மெய்ப்பித்தார். அன்று சிக்னல் குன்றிற் பயன்பட்ட பாதரச உணர்கருவியின் மூலம் போசு 1899இல் வெளியிட்ட ஆய்வே என்று பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். இத்தாலியக் கடற்படையின் பெயரால் வழங்கிய அக்கருவியில் போசின் பெயர் பொறிக்கப்படாமை நெஞ்சை உறுத்துவதே. போசோ தம் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை தேடும் வேட்கையற்றவர். மார்க்கோனியோ காப்புரிமையால் வாழ்ந்தவர்.

வெளியே நிற்கும் கம்பியின் பொருட்டு இத்துணைப் பாடு வேண்டுமா என்பாருக்கு அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று சொல்வேன். எம் பாடசாலையில், அமெச்சூர் வானொலி அனுமதி பெற்ற ஆசிரியர் ஒருவர் ஸ்கேனர் என்னும் கருவியை மாணவர்க்குக் காட்டினார். அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தானே தேடி, பேச்சுக் கேட்குமிடத்தில் நிற்கும் கருவி அது. தகரக் கூரையின் கீழ் அது சீறியதன்றி வேறொன்றும் பேசவில்லை. உலோகக் கூரை அலையை மறிக்கும். பின்னர் இரும்புக் குழாயொன்றின் உச்சியில் அரை மீற்றர்க் கோலொன்றைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் அடியிற் சாய்வாக நான்கு கோல்களைப் பொருத்தி, தடித்த கோஅக்சியல் வடத்தால் கருவியோடு இணைத்தனர். 2 மீற்றர் அலைக்குக் கால் பங்கு அரை மீற்றர், அதுவே கணக்கு. வடம் நீளுந்தோறும் ஒலி தேயுமாதலின் நீளத்தையும் குறுக்கினர். முகட்டுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் தெளிவாக வந்தபோது பிள்ளைகள் ஆரவாரித்தனர். சாய்ந்த நான்கு கோல்களும் மார்க்கோனி மண்ணிற் புதைத்த மறுமுனைக்கு ஈடானவை என அவ்வாசிரியர் விளக்கினார். இடிக்கு அஞ்சிக் குழாயையும் வடத்தின் உறையையும் தடித்த செப்புக் கம்பியால் நிலத்தோடு பிணைத்தனர். சித்திரையிலும் ஐப்பசியிலும் மின்னல் எம் முகடுகளைத் தேடி வரும் நாட்டில் இதனை மறத்தல் கேடு. மின்னும் நாளில் வடத்தையே கழற்றி வைத்தல் நன்று.

மார்க்கோனியின் புகழ் கடலில் முழுமை பெற்றது. 1909இல் ஜெர்மானியராகிய பிரவுனோடு நொபெல் பரிசைப் பகிர்ந்தார். 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது, அதிலிருந்த மார்க்கோனிக் கம்பெனிக் குறியாளர் பிலிப்ஸ் இறுதிவரை அபாயக் குறியனுப்பித் தாமும் மாண்டார். ஏறத்தாழ 1,500 பேர் இறந்த அவ்விரவில், குறிகேட்டு வந்த கார்பேத்தியாக் கப்பலால் 700 பேரளவில் உயிர் பிழைத்தனர். அவ்வாண்டே அமெரிக்க மார்க்கோனிக் கம்பெனியின் பங்குகளை வாங்கிய பிரித்தானிய அமைச்சர்கள் ஊழற் பழிக்கு ஆளாயினர். அவ்வாண்டே மோட்டார் விபத்தில் மார்க்கோனி வலக்கண்ணை இழந்தார்.

பிற்காலத்தில் எலெத்திரா என்னும் தம் கப்பலையே ஆய்வுகூடமாக்கிச் சிற்றலைகளை ஆராய்ந்தார். அதன் பயனாக 1927இல் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் நேர்த்தொடர்பு ஏற்பட்டது. கொழும்பில் எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியால் 1925 டிசம்பரிலேயே ஒலிபரப்புத் தொடங்கியிருந்தது. 1933இல் வத்திக்கானுக்கும் போப்பாண்டவரின் கோடை மாளிகைக்கும் இடையே, ஒரு மீற்றரினும் குறுகிய அலைகளால் தொலைபேசித் தொடர்பு அமைத்தார். எம் மாணவரின் ஸ்கேனர் தேடும் அலைகள் ஏறக்குறைய அவ்வினத்தனவே.

அவர் வாழ்வின் மாசொன்றையும் மறைத்தல் தகாது. 1923இல் முசோலினியின் கட்சியிற் சேர்ந்தார். 1930இல் அவ்வரசின் கலைக்கழகத் தலைவரானார். அங்கே யூத அறிஞர் பெயர்கள் தனிக்குறியிட்டு ஒதுக்கப்பட்டதை 2002இல் வெளிவந்த ஆவணங்கள் காட்டின. மலைகளையும் கடல்களையும் கடந்து மனிதர்க்கு மனிதர் குரல் சேர்த்தவர், அறிஞர் பெயரேட்டில் இப்படியொரு வேலி எழ இடந்தந்தமைக்கு எனக்கு அமைதி கூறத் தெரியவில்லை.

1937 யூலை 20இல் உரோமில் மாரடைப்பால் இறந்தார், அகவை 63. மறுநாள் மாலை 6 மணிக்கு வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் மௌனம் பூண்டன. 1943இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், லாட்ஜ், டெஸ்லா, ஸ்டோன் ஆகியோரின் முன்னைய உரிமையை ஏற்று, அவரது இசைவிப்புக் காப்புரிமையின் முக்கிய கூறுகளைத் தள்ளுபடி செய்தது. பொன்தேக்கியோ இன்று அவர் பெயர் சேர்த்தே வழங்குகிறது. மேன்மாடத்தில் மணியொலித்த அவ்வீட்டின் முன்னே கட்டிய கல்லறையில் அவர் உடல் கிடக்கிறது.